பாயில் கிடந்த யங்கோனாக் கட்டு

விடிவதற்குள்ளேயே எங்கள் விரல்கள் மரத்துப்போய்விடும். ஃபிஜித் தீவின் சூவா துறையில் இறங்கி எங்கள் மீன் ஆலைக்கு வரும் சூரை மீன் கல்லாக உறைந்திருக்கும். அதை மார்போடு அணைத்துத் தூக்கி ரம்பத்தின் வாய்க்குள் தள்ள வேண்டும். ரப்பர் காலணிக்குள் ரத்தத் தண்ணீர் நொளநொளக்கும். எதிர்ச்சுவரில் முதலாளி எழுதிவைத்த கொட்டை எழுத்து: 'மனிதர்களே எங்கள் மூலதனம்.' அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூலதனமாம்! புது இயந்திரம் வந்தால் எங்களுக்குப் 'பயிற்சி' என்பார்கள். மேஸ்திரி ஜொசையா ஒருமுறை ஓட்டிக் காட்டுவான். அவ்வளவுதான் பயிற்சி. கூலி மட்டும் மறுபடி பயிலாளர் கூலிக்கு இறங்கிவிடும். தலை நரைத்தாலும் நாங்கள் கற்றுக்குட்டிகள்தான்.

முணுமுணுத்தால் முதலாளி ஹார்வியிடம் ஒரு மருந்து உண்டு. இந்தத் தீவில் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை ஜொசையாவிடம் கொடுத்து, எங்கள் முன் பாயில் வைக்கச் சொல்வார். எங்களில் மூத்தவள் வீலிமைனா கைகளைக் குவித்துத் தட்டி அதை எடுத்துக்கொண்டால், தீவின் வழக்கப்படி கேட்டதற்குச் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வாய் திறப்பது மானக்கேடு. வைத்த வேரைத் தொடாமல் விடுவதோ அதைவிடக் கேவலம். ஒவ்வொரு முறையும் தட்டினோம், கரைத்துக் குடித்தோம், வாயை மூடிக்கொண்டோம்.

இம்முறை புது ரம்பம் எங்களோடு வேலை செய்யும் அக்கனிசியின் வலது கையைப் பிடித்துவிட்டது. நிறுத்தும் பொத்தான் எங்கே என்று யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. பக்கத்தில் நின்ற நான் இயந்திரம் முழுக்கத் தடவித் தேடினேன். அதற்குள் அவள் விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து கைக்கட்டோடு அவள் வந்த காலையே பாயை விரித்துவிட்டார்கள். ஜொசையா வேர்க்கட்டை வைத்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்தான்.

"நடந்தது நடந்துபோச்சு. அக்கனிசி, இது என் மன்னிப்பு," என்றார் ஹார்வி. "லேபர் ஆபீஸ், கீபீஸ்னு யாரும் போக வேண்டாம். எல்லாருக்கும் இன்னொரு பயிற்சி குடுத்துடலாம்."

"பயிலாளர் கூலியிலதானே?" என்றேன்.

"கத்துக்கறதுக்கும் காசு கேப்பியா, பாக்கியம்? கத்துக் குடுத்தா ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துடறீங்க!"

"விரலைக் குடுத்துட்டு எங்க சார் பறக்கறது?" என்றாள் அக்கனிசி.

"உனக்குக் கூட்டுற வேலை தர்றேன்மா."

"வெளக்குமாத்தை எதால சார் பிடிக்கறது?"

அவர் வீலிமைனா பக்கம் திரும்பினார். அவள் கைகள் மெல்ல எழுந்தன. அவள் தட்டிவிட்டால் அக்கனிசியின் நஷ்டஈடு போச்சு, எங்கள் எல்லோருடைய கூலியும் போச்சு. ஐயோ அக்கா, தட்டிடாதே!

வீலிமைனா ஒரு கையை அக்கனிசியின் தோளில் வைத்தாள்.

"மன்னிப்பு இவகிட்டதானே கேட்டீங்க, முதலாளி? முறைப்படி இவதான் தட்டணும். இவ தட்டட்டும், பின்னாடியே நாங்களும் தட்டுறோம்."

அக்கனிசி கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "ஒரு கை தட்டினா ஓசை வராதே சார்."

யாரும் தட்டவில்லை. ஹார்வியின் முகம் சிவந்தது. "ஜொசையா, அதை எடுத்து அவங்க மடியில போடு!"

"வெச்சதை நான் எடுக்கக் கூடாது சார்," என்றான் ஜொசையா. "பொத்தான் எங்கன்னு எனக்கே யாரும் சொல்லலை. தெரிஞ்ச மாதிரி நின்னேன்." சொல்லிவிட்டு, உட்கார்ந்தவாக்கிலேயே பாயில் நகர்ந்து எங்கள் பக்கம் வந்துவிட்டான்.

"வேலை போயிடும், எல்லாருக்கும்!"

"கத்துக்குட்டி வேலைதானே, போகட்டும்!" என்றேன். பின்னாலிருந்து சிரிப்பு வெடித்தது.

வீலிமைனா எழுந்தாள். "முழுக் கூலி, ஒழுங்கான பயிற்சி, இவ கைக்கு நஷ்டஈடு. இதோட வாங்க, நானே தட்டுறேன்."

மேசை மீது சூரை உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. லேபர் ஆபீசில் என்ன சொல்வார்களோ, நாளைக்கு அடுப்பு எரியுமோ, யாருக்குத் தெரியும்? அக்கனிசியை முன்னால் விட்டோம். முதலாளி சுவரில் எழுதிவைத்த மூலதனம் மொத்தமும் அவள் பின்னால் கேட்டைத் தாண்டி நடந்தது.