ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலகிய முள்

வாரத்தில் ஆறு நாள் எங்கள் கப்பலின் திசைகாட்டி தங்கமாக நடந்துகொண்டது. ஞாயிறு காலையில் மட்டும் நான்கு பாகை விலகியது. போர்ட்ஸ்மவுத் துறைமுகப் பட்டறை ஆட்கள் செவ்வாயன்று வந்து பார்த்து, குறையே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வழி கணிக்கும் அதிகாரியான எனக்கு அது அவமானம். கேப்டன் டிரெகென்சாவுக்கோ முப்பத்தோரு ஆண்டு உழைப்பே பணயம். வரும் ஞாயிறு அட்மிரல் ஹெஸ்லப் வந்து, நீடில்ஸ் பாறைகளை ஒட்டிய குறுகிய வழியில் கப்பலை நடத்திக் காட்டச் சொல்வார். அவர் அறிக்கை நன்றாக இருந்தால் இவரும் அட்மிரல். இல்லையென்றால் டெவனில் ரோஜாச் செடிகளோடு ஓய்வு.

ஞாயிறுதோறும் மேலே கொண்டுவரும் வழிபாட்டு ஆர்மோனியத்தின் மேல் கேப்டனுக்குச் சந்தேகம். அதன் நாக்குகள் பித்தளை, பித்தளை காந்த முள்ளை அசைக்காது என்றேன். இருந்தாலும் அதைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினோம்.

அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு முள் சரியாக நின்றது. அணிவகுப்பு முடிந்து, அட்மிரல் கீழே மாலுமிகளோடு பேசிக்கொண்டிருக்க, கேப்டன் மேலே வந்து திசைகாட்டிக்கு வலப்பக்கம் நின்றார். முள் நகர்ந்தது. கடலில் இருந்த மிதவையைப் பார்க்க அவர் விலகினார். முள் திரும்பியது.

அவர் இடது இடுப்பைப் பார்த்தேன். ஞாயிறு அணிவகுப்புக்கு மட்டுமே அதிகாரிகள் வாள் கட்டுவோம்; முள்ளருகே பணியில் இருந்ததால் அன்று நான் கட்டவில்லை. எஃகு வாள், முள்ளிலிருந்து ஒரு முழத் தூரத்தில்.

விஷயத்தைச் சொன்னதும் கேப்டன் தன் வாளைக் கழற்றிக் கீழே அனுப்பினார். அதற்குள் ஏணியில் அட்மிரலின் வாள் கணகணத்தது. கடற்படையில் ஒருவரிடம் வாளைக் கேட்டால், ஒன்று அவர் தோற்றிருக்க வேண்டும், அல்லது கைதாகியிருக்க வேண்டும். கேப்டன் ஏணியருகே போய் நின்றார்.

“சார், உங்க வாளைக் கொஞ்சம் கழட்டிக் குடுக்கணும்.”

“என்னய்யா, என்னைக் கைது பண்றீரா?”

“இல்ல சார். அது பக்கத்துல வந்தா முள்ளு பாதையை விட்டுட்டு அதையே பாக்குது.”

அட்மிரல் நம்பவில்லை. இடுப்பை முள்ளருகே கொண்டுவந்தார், விலக்கினார், மறுபடி கொண்டுவந்தார். முள் ஒவ்வொரு முறையும் ஆடியது. ஐந்தாவது முறை அவர் ரசித்துச் செய்தார் என்றே நினைக்கிறேன்.

“நாப்பது வருஷத்துல எவனுக்கும் குடுத்ததில்ல,” என்று முனகி நீட்டினார். “பத்திரம்.”

பாறைகளை அழகாகக் கடந்தோம். அடுத்த மாதம் டிரெகென்சா ரியர் அட்மிரல் ஆனார். கப்பலை விட்டு இறங்குமுன் அவர் கடைசியாகப் போட்ட உத்தரவு இது: மேல்தள ஏணியின் அடியில் ஆறு பித்தளைக் கொக்கிகள் அடிக்க வேண்டும், யாராக இருந்தாலும் வாளை அங்கே மாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும்.