கதவைச் சாத்தும்வரை பை அவளிடம்

“உங்க ஊர்க்காரங்களுக்குக் கதவைச் சாத்துற பழக்கமே கெடையாதா? வீடும் தொறந்து கெடக்கு, வாயும் தொறந்து கெடக்கு, இப்ப நெஞ்சும் தொறந்து கெடக்கு!”

“உங்க தீவுல சாத்தி வைக்க என்ன இருக்கு? நண்டுகூட ஓடிப்போச்சே!”

வார்டே சிரித்தது. முதலில் கத்தியது நர்ஸ் வசேமாதா. பதில் சொன்னவர் என் கணவர் சாக்கியாசி. ஃபிஜியில் அவள் தீவும் இவர் ஊரும் தௌவு உறவு; ஒரே குலதெய்வம். தௌவுக்காரர் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. நம் பொருள் எதை எடுத்துக்கொண்டாலும் மறுக்கக் கூடாது.

இருபது வருடமாகச் சுற்றுலாக்காரர்களைப் பவளப்பாறைக்கு அழைத்துப்போய் முங்க வைக்கிறவர். போன ஜூனில் மேலே வந்ததும் இடது கை மரத்து, படகிலேயே உட்கார்ந்துவிட்டார். நுரைத்த உப்புத்தண்ணீரைக் கையில் ஊசியால் ஏற்றி டாக்டர் திரையில் காட்டினார். குமிழ்கள் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் தாவின. வயிற்றில் இருக்கும்போது எல்லாருக்கும் அங்கே ஒரு கதவு உண்டாம். பிறந்து மூச்சு இழுத்ததும் சாத்திக்கொள்ளும். நாலில் ஒருவருக்கு முழுசாக ஒட்டாது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஆழத்தில் முங்கி எழுகிறவருக்கு அந்த வழியே குமிழ் மூளைக்குப் போய்விடலாம். தொடை ரத்தக்குழாய் வழியாகக் குட்டிக் குடை மாதிரி ஒன்றை அனுப்பி அடைக்கலாம். இல்லையென்றால் முங்குவதை விடவேண்டும்.

இவர் இரண்டுக்கும் மாட்டேன் என்றார். “நாளைக்கு ஏழு பேர் வர்றாங்க.” நேரே படகுக்குப் போக, முங்குகிற பையைக் கூடவே கொண்டுவந்திருந்தார்.

வசேமாதா கட்டிலடியில் குனிந்து பையை இழுத்தாள். கண்ணாடி, துடுப்புக்கால், மூச்சுக்குழாய் எல்லாம் அதில்தான். தோளில் மாட்டிக்கொண்டாள்.

“இது எனக்கு வேணும்.”

சிரிப்பு நின்றது.

“ஏய், அது மட்டும்...”

“தௌவுகிட்ட இல்லேன்னு சொல்லப்போறியா? எங்க, சொல்லு பாப்போம்! கதவ அடைச்சிட்டு வா, தர்றேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில், “அந்தக் குடை கறுப்பா, கலரா?” என்று கேட்டார்.

அடைத்து ஐந்து மாதம் ஆகிறது. பையில் அவள் வீட்டுக் கோழி அடைகாக்கிறது, படம் அனுப்பியிருக்கிறாள். திங்கட்கிழமை மறுபடி குமிழ் சோதனை. கதவு சரியாக அடைத்திருந்தால் பை திரும்ப வரும், முங்கலாமாம். இவர் தினமும் கோழி குஞ்சு பொரித்ததா என்று போன் போட்டுக் கேட்கிறார்.

அடைத்தபின் திரும்ப முங்கியவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். முதல் தடவை அவர் தண்ணீருக்குள் போனபோது, கரையில் நின்ற நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?