எனக்கு இடம் விட்டு நில்லுங்க

அப்பாவின் மூக்கோர மச்சம் திரையில் கரைந்து மறைவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து அறையில் பெட்டிக்குள் படுத்திருந்தவருக்கு அது அப்படியே இருந்தது. வேன் வருவதற்குள் பெட்டிமேல் வைக்க ஒரு படம் வேண்டும். சித்தப்பா இரண்டு முறை கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

படம் எடுப்பதே தொழிலாக இருந்த அப்பா, படம் திருத்தும் இந்த மென்பொருளை மூத்த பிள்ளையைப் போல வைத்திருந்தார். உண்மையான பிள்ளைக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. கண் மூடியவர்களுக்குக் கண் திறந்ததும், கோபித்துக்கொண்டு வராமல் போன மைத்துனர்களைக் கல்யாணப் படத்தில் சிரிக்க வைத்ததும் இதை வைத்துத்தான். பிறகு அதற்குப் புத்தி கெட்டது. திறந்தால் வணக்கம் சொல்லும், சந்தா கேட்கும், கேட்காமலே எல்லாரையும் சிவப்பாக்கும். சொன்ன வேலையை மட்டும் செய்யாது. அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது போல என்பார் அப்பா.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "யாருடா இது, பல்பசை விக்கிறவன் மாதிரி?"

வேறு குடும்பப் படத்தைத் திறந்தான். அதே சிரிப்பு, அதே நீலச்சட்டை, ஒரு கை மட்டும் மடித்துவிட்டது. கடற்கரையிலும் அப்படியே, அக்கா கல்யாணத்திலும் அப்படியே. அப்பாவுக்குச் சட்டை குறைவு என்றே இத்தனை காலம் நினைத்திருந்தான். அப்பா மட்டும் தனி அடுக்கில், மேலே ஒட்டிய படமாக இருந்தார். அந்த அடுக்கை மறைத்ததும் அம்மாவுக்கும் அவனுக்கும் நடுவே வெறும் சுவர் தெரிந்தது.

எனக்கு இடம் விட்டு நில்லுங்க என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து சொல்லுவார். ஓடி வந்து நின்றதே இல்லை.

"இந்த நீலச்சட்டைப் படம் யாரும்மா எடுத்தது?"

"நான்தான். கை ஆடிடுச்சுன்னு திட்டிட்டு, அப்புறம் கேமராவைத் தொடவே விடல."

அம்மா எடுத்த அந்த மூலப் படத்தைத் தேடி எடுத்தான். லேசாகக் கலங்கியிருந்தது. மச்சம் இருந்தது. படம் தெளிவாக இல்லை, சரிசெய்யவா என்றது மென்பொருள். வேண்டாம் என்றான். உறுதியாகவா என்றது.

"ஆமாடா" என்றாள் அம்மா, திரையைப் பார்த்து.

வேன் வந்தது. பெட்டிமேல் படத்தை வைத்தார்கள். வெளியூரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப, சித்தப்பா கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் நெருங்கி நில்லுங்கள் என்றார்.

அம்மாவும் அவனும் சரி என்று தலையாட்டினார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் அப்படியே இருந்தது.