ஏழடிக் கோடு

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மண்ணில் லிஃப்ட் மெக்கானிக் சுண்ணாம்புத் தூளால் ஒரு வட்டமும், அதன் மேலேயே ஒரு சதுரமும் போட்டுவிட்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில் அவரே வெல்டிங் வைத்து நட்ட இரும்புத் தூண். அதன் மேல் தொலைநோக்கி. ஆறு வருஷமாக அதைத் தினமும் அறையிலிருந்து தூக்கி வந்து பூட்டி, மறுபடி கழற்றித் தூக்கிப் போனதில் இடுப்பு பழுதாகிவிட்டது. இனிமேல் அது தூணிலேயே இருக்க ஒரு கூடு வேண்டும். வட்டம் என்றால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஃபைபர் டோம். அதில் ஒரு பிளவு, வேண்டிய பக்கம் சுற்றிக்கொள்ளலாம். சதுரம் என்றால் நான்கு சுவரும், தண்டவாளத்தில் உருண்டு விலகும் கூரையும். ஊரை விட்டுப் போகும் பல் டாக்டர் ஒருவர் தன் டோமை இனாமாகவே தருவதாகச் சொல்லியிருந்தார். ஆறு மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார்.

மனைவியின் தம்பி டோம் கட்சி. காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். காற்று அடிக்காது, பனி இறங்காது, தெருவிளக்கு கண்ணில் குத்தாது. "எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு மாமா. உள்ள போய் உக்காந்துட்டீங்கன்னா நீங்க எந்தப் பக்கம் பாக்கறீங்கன்னு ஒரு பயலுக்கும் தெரியாது" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் அந்த நேரம் பார்த்து அக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றது. துணிகளைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. மெக்கானிக்குக்கும் அப்போது புரியவில்லை.

சாப்பாட்டில் புரிந்தது. தம்பி கிளம்பிப் போகும்வரை காத்திருந்து, அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள். பின்வீட்டு மாடியில் குடியிருக்கும் தையற்காரப் பெண்ணிடம் முந்தின நாள் தலையணை உறை வாங்கப் போயிருக்கிறாள். பட்டப்பகல் பதினோரு மணிக்கு அங்கே பல்பு எரிந்துகொண்டிருந்ததாம். மிஷினுக்கு நேரே இருக்கும் ஜன்னலில் அட்டைப்பெட்டியைப் பிரித்து நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்ததாம். தூசி வருகிறது என்றாளாம் அந்தப் பெண். படியிறங்கும்போது மட்டும், முகத்தைப் பார்க்காமல், "உங்க வீட்டுக்காரர் சாயங்காலம் ஆனா இந்தப் பக்கமே பாக்கறாருக்கா" என்றாளாம்.

"பாத்தீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

இருபத்தாறு வருஷத்தில் அவள் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. குரலில் கோபம் இல்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள், அதுதான் அவரைச் சுட்டது. கையைக் கழுவாமலே எழுந்தார். தான் அவ்வளவு கேடுகெட்டவனா என்று கத்தினார். அவள் தட்டையே பார்த்துக்கொண்டு, அந்தப் பொண்ணு பொய் சொல்ற மாதிரி எனக்குத் தெரியல என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு வீட்டில் பாத்திரங்கள் மட்டும் சத்தம் போட்டன.

கோபம் அவரை உட்கார விடவில்லை. நேரே போய்ப் பின்வீட்டு வாசலில் நின்று, நான் வானத்தைப் பார்க்கிறவன், கடவுள் விரித்து வைத்திருக்கிற அவ்வளவு பெரிய அழகை விட்டுவிட்டு உன் ஜன்னலைப் பார்ப்பேனா என்று கேட்டுவிடுவது என்று கிளம்பினார். இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருந்த சந்தில் நடந்து, அவள் படிக்கட்டு தொடங்கும் இடத்தில் திரும்பி, தற்செயலாகத் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். தாழ்ந்த மதிலுக்கு மேலே தொலைநோக்கியின் வாய் தெரிந்தது. காலையில் அளவு பார்ப்பதற்காகத் தூக்கி வந்து பூட்டி, வழக்கம்போல் திருப்பி வைத்தது அப்படியே இருந்தது. கறுப்பு வட்டம். அவர் நின்ற படியையும் அதற்கு மேலே அட்டை ஒட்டிய ஜன்னலையும் சேர்த்து விழுங்குகிற மாதிரி.

தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய குழாயின் முதுகில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். பெரியது எங்கே பார்க்கிறதோ சின்னதும் அங்கேயே பார்க்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே, தூரத்தில் அசையாமல் இருக்கிற ஏதாவது ஒன்றைக் குறிவைத்து இரண்டையும் ஒத்துப்போகச் செய்வார்கள். அவர் குறிவைத்தது இரண்டு தெரு தள்ளி நின்ற செல்போன் கோபுரத்தின் உச்சிச் சிவப்பு விளக்கு. அது பின்வீட்டுக் கூரைக்குச் சற்று மேலே தெரியும். குழாயின் பின்னால் குனிந்திருப்பவருக்கு விளக்கைத் தவிர எதுவும் தெரியாது. ஜன்னலில் இருப்பவளுக்கு விளக்கைத் தவிர எல்லாம் தெரியும்: ஓர் ஆம்பளை, ஒரு குழாய், தினமும் ஒரு மணி நேரம்.

அவர் படி ஏறவில்லை. கோபம் எந்த இடத்தில் இறங்கியது என்று அவருக்கே தெரியாது. லிஃப்டில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து நடுங்குகிறவர்களிடம் அவர் ஒருநாளும் ஒன்றுமில்லை, பயப்படாதீங்க என்று சொன்னதில்லை. கதவைத் திறந்து, இதுதான் கயிறு, இதுதான் பிரேக், கையை வைத்துப் பாருங்கள் என்று காட்டுவார். பிறகுதான் அவர்கள் மறுபடி ஏறுவார்கள். இப்போது இந்தப் பெண்ணுக்குக் காட்ட என்ன இருக்கிறது? என் மனசைத் திறந்து காட்டவா முடியும், ஆண்டவனே, என்று சந்திலேயே நின்று கேட்டார். பதில் வந்ததா என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து இரண்டு மூங்கில் கழிகளையும், பழைய கெட்டிப் போர்வையையும், வேலைப் பையிலிருந்து இரண்டு சின்னக் கப்பிகளையும் எடுத்தார்.

சதுரத்தின் தெற்குக் கோட்டில் கழிகளை நட்டு, உச்சியில் கப்பி மாட்டிப் போர்வையைக் கயிற்றில் கோத்து, கழியில் தரையிலிருந்து மேலே அடி அடியாகக் கோடு போட்டார். ஏழாவது அடியில் மட்டும் சிவப்பு. தொலைநோக்கியைச் சிவப்பு விளக்குக்கே திருப்பினார். பிறகு சமையலறை வாசலில் போய் நின்று மனைவியிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணோட ஜன்னல்கிட்ட நில்லு. அட்டையைக் கொஞ்சம் விலக்கிப் பாக்கச் சொல்லு. இந்தப் போர்வைதான் சுவருன்னு வெச்சுக்கட்டும். குழாய் கண்ணுல படாத உயரம் எதுன்னு அவளே சொல்லட்டும். அதுக்குத்தான் கொத்தனார் கட்டப் போறார்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தச் சிவப்புக் கோடு?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும், ஆனாலும் கேட்டாள். வருஷத்தில் சில வாரம் மட்டும் தெற்கே தாழ எழுந்து, அந்த வீட்டின் பக்கச் சுவரை உரசிக்கொண்டு போகும் ஒரு நட்சத்திரக் கூட்டம் உண்டு. கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு முஷ்டி உயரம், அதற்கு மேல் ஏறாது. பஞ்சு உருண்டை மாதிரி, லட்சக்கணக்கில். ஆறு வருஷமும் அதற்காகத்தான் அவர் இடுப்பைக் கெடுத்துக்கொண்டார். சுவர் ஏழடி வரை இருந்தால், அந்தக் கூட்டம் சுவரின் விளிம்புக்கு மேலே மயிரிழையில் தெரியும். ஏழரை என்றால் அந்தக் கூட்டம் அவ்வளவுதான்.

"சிவப்பைப் பத்தி அங்க பேசாதே" என்றார்.

ஐந்தரை மணிக்கு மாடி ஜன்னலின் அட்டை ஓரம் ஒரு கை அகலத்துக்குப் பிரிந்தது. மனைவியின் தலை தெரிந்தது. இன்னொரு தலை பின்னாலேயே நின்றது. அவர் கயிற்றை இழுத்தார். போர்வை ஐந்தடிக்கு ஏறியது. தெரியுது என்று மனைவி குரல் கொடுத்தாள். ஆறு. தெரியுது. ஆறரை. கொஞ்ச நேரம் எடுத்து, வாய் தெரியுது என்றாள். கயிறு வியர்வையில் வழுக்கியது. போர்வையின் விளிம்பு சிவப்புக் கோட்டைத் தொட்டது.

மேலே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு மனைவி சொன்னாள்: "மறைஞ்சிடுச்சு. மிஷின்ல உக்காந்து பாத்தாச்சு. தெரியல."

அவர் மூச்சை விட்டார். கயிற்றைக் கழியில் ஒரு சுற்றுச் சுற்றினார். அப்போதுதான் முதல்முறையாக அந்தப் பெண்ணின் குரல் வந்தது. சன்னமாக, தன் மேல் தானே குற்றம் சுமத்திக்கொள்கிற மாதிரி.

"உக்காந்தா தெரியல சார். எந்திரிச்சா தெரியுது."

ஜன்னலில் மனைவியின் முகம் அசையவில்லை. உட்கார்ந்துதானேம்மா தைக்கிறே, அது போதாதா என்று அவள் சொல்லிவிடலாம். சொன்னால் அந்தப் பெண்ணும் சரிக்கா என்று தலையாட்டிவிடுவாள். தலையாட்டிப் பழகிய குரல் அது. மனைவி சொல்லவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டைப் பையில் போன் அடித்தது. பல் டாக்டர். அடித்து அடித்து நின்றது.

துணி எடுக்க எழுந்திருப்பாள். தண்ணீர் குடிக்க எழுந்திருப்பாள். எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கறுப்பு வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். அவர் சுற்றிய கயிற்றை அவிழ்த்தார். இழுத்தார். சிவப்புக் கோடு போர்வைக்குப் பின்னால் போய்விட்டது. ஒரு விரல். நாலு விரல். அரை அடி.

"இப்போ?"

"இப்போ இல்ல சார்." கொஞ்சம் கழித்து, "இவ்வளவு ஒசரம் கட்டினா உங்களுக்கு ஏதும் மறைக்காதா?" என்றாள்.

"வானம் பெரிசும்மா. ஒண்ணும் கொறையாது" என்றார்.

கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். டாக்டரைக் கூப்பிட்டு, டோமை அந்த இன்னொருவருக்கே கொடுத்துவிடுங்கள், நான் சுவர்தான் கட்டப் போகிறேன் என்று சொல்லி வைத்தார். பிறகு தூணருகே நின்று, பழக்கத்தில், கையை நீட்டி முஷ்டி மேல் முஷ்டி வைத்து அளந்தார். ஒன்று. இரண்டு. இரண்டாவது முஷ்டிக்கு மேலும் போர்வைதான் இருந்தது. பழைய நீலக் கட்டம், ஓரத்தில் அவள் முன்னெப்போதோ போட்ட ஒட்டு.

காற்று வந்து அதை உப்பச் செய்து விட்டது. அந்தப் பக்கம் மேலேயிருந்து ஏதோ நீளமாகக் கிழிபடும் சத்தம் கேட்டது; டேப்பா, அவள் அளந்து கிழிக்கும் துணியா, இங்கிருந்து சொல்ல முடியாது. போர்வையை ஒரு கை அகலம் விலக்கினால் தெரிந்துவிடும். அவர் விலக்கவில்லை. குழாயின் வாய்க்கு மூடியை மாட்டிவிட்டு, அதன் மேல் கையை வைத்தபடி, கேட்டுக்கொண்டு நின்றார்.