மணியக்காரர் வாயும் மோட்டார் சைக்கிளும்

1936-ஆம் வருஷம் பங்குனியில், கடத்தூரில் மாதேஸ்வரன் டாக்டர் பலகை மாட்டி ஆறு மாதம் முடிந்திருந்தது. எல்.எம்.பி. பாஸ் செய்தவர். படிப்பில் குறையில்லை, மருந்தில் குறையில்லை, மாட்டுவண்டியில்தான் குறை. ஆள் வந்து சொல்லி, மாட்டைப் பூட்டி, இவர் போய்ச் சேர்வதற்குள் நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். அல்லது இனி எதுவும் குடிக்கத் தேவையில்லாதவராகியிருப்பார். இரண்டிலும் டாக்டருக்கு வேலையில்லை.

அஸ்ஸாமில் ஒரு தேயிலைத் தோட்டம் அவரைக் கூப்பிட்டுக் கடிதம் போட்டிருந்தது. சித்திரை பிறப்பதற்குள் ஒரு நோயாளியாவது உருப்படியாகக் கிடைக்காவிட்டால் ரயிலேறிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். கடைசி முயற்சியாகச் சேலத்தில் ஒரு மோட்டார் சைக்கிளுக்குச் சொன்னார். அது மொரப்பூரில் கூட்ஸ் வண்டியிலிருந்து இறங்கி, மாட்டுவண்டியில் ஏறிக் கடத்தூர் வந்து சேர்ந்தபோது சித்திரைக்கு நான்கு நாள் இருந்தது.

கூடவே விற்றவரும் வந்தார். அப்பாவு முதலியார் அதுவரை ஏழு வண்டி விற்றவர். ஒன்றின் மேலும் ஏறியதில்லை. ஆனால் வண்டியோடு வரும் இங்கிலீஷ் புத்தகத்தைத் திருப்புகழ் மாதிரி மனப்பாடம் செய்திருந்தார்.

“மொத்தம் அஞ்சு நெம்புகோலுங்க டாக்டரு. எடது கையில ரெண்டு, வலது கையில ரெண்டு, டேங்க் பக்கத்துல ஒண்ணு. நடுவுல நீங்க.”

“எது எதுக்குங்க?”

“அவசரப்படாதீங்க. அது ஒன்பதாம் பக்கம்.”

அதற்குள் டாக்டரின் அக்கா தீர்த்தம்மாள் தட்டோடு வந்துவிட்டாள். பொட்டு வைக்காமல் புது வண்டி வாசல் தாண்டக்கூடாது. விளக்குக்கு ஒன்று, கைப்பிடிக்கு இரண்டு என்று சந்தனம் வைத்தவள், கொஞ்சம் யோசித்தாள்.

“நெத்தி எதுடா மாதேசு இதுக்கு?”

பெட்ரோல் டேங்கின் மூடி வட்டமாக, நட்டநடுவில், உயரத்தில் இருந்தது. கேட்கவே வேண்டியதில்லை. கெட்டியாக ஒரு விரல் சந்தனத்தை அதில் அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். முதலியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்று காலை பாடம் தொடங்கியது. பத்து மணிக்கு வண்டியைக் கிளப்பும் பாடம் முடிந்தது. நிறுத்தும் பாடம் சாப்பாட்டுக்குப் பிறகு என்று இருந்தது. அப்போதுதான் ஆறு மைலுக்கு அப்பாலிருந்து, மணியக்காரர் சென்றாயக் கவுண்டரின் பண்ணையாள் மாது மூச்சிரைக்க வந்து நின்றான்.

“நேத்து சாயங்காலம் எங்க கவுண்டரு கொட்டாவி விட்டாருங்க. தெறந்த வாயி மூட மாட்டேங்குதுங்க. பேயின்னு வேப்பிலையும் அடிச்சுப் பாத்தாச்சு. சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டறாங்க. அம்மா சொல்லி வுட்டாங்க, நீங்க அதுக்குள்ள வந்தா பாக்கலாமாம், வராட்டி பரவால்லையாம்.”

கழன்ற தாடை. மாதேஸ்வரனுக்குக் கை துடித்தது. இரண்டு நிமிட வேலை. வண்டி கிளம்பிவிட்டால் அந்த இரண்டு நிமிடம் சேலத்துக்காரனுக்கு.

“ஏறுங்க முதலியாரே.”

“நானுங்களா?”

“நிறுத்தற பாடம் உங்ககிட்டத்தான இருக்குது.”

முதலியார் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். வண்டி பறந்தது. இரண்டு மைல் போனதும் திக்கி, இருமி, நின்றது. முதலியார் இறங்கி அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டு உதைத்தார், கிளம்பியது. இன்னும் ஒன்றரை மைலில் மறுபடி நின்றது. மறுபடி திருகினார். மறுபடி உஸ்.

“புத்தகத்துல இப்படி ஒரு வியாதியே இல்லீங்களே” என்றார் முதலியார், புத்தகத்துக்காக வருத்தப்பட்டு.

டாக்டர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திறந்தால் காற்று உள்ளே போகிறது. போனால் பிழைக்கிறது. மூடினால் கொஞ்ச நேரத்தில் திணறுகிறது.

“இந்த மூடியில ஓட்டை ஏதாச்சும் உண்டுங்களா?”

முதலியார் தேடினார். “இருக்குதுங்க, பதினாலாம் பக்கம். காத்துப் போறதுக்குச் சின்னதா ஒண்ணு.”

இருந்தது. அதன்மேல் அக்காவின் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. டாக்டர் பையிலிருந்து இஞ்செக்‌ஷன் ஊசியை எடுத்துக் குத்தித் துளையைத் திறந்தார். கடத்தூருக்கு வந்த பிறகு அந்த ஊசி பார்த்த முதல் வேலை அது.

பிறகு வண்டி நிற்கவில்லை. அதுதான் இப்போது பிரச்சினை. ஊர் எல்லையில் எதிரே கூண்டுவண்டி வந்துகொண்டிருந்தது.

“முதலியாரே, நிறுத்தற பக்கம்!”

“வலது காலால... மெல்ல... மிதிக்கவும்...”

“மெல்ல” என்பது வந்து சேர்வதற்குள் டாக்டர் மிதித்துவிட்டார். மாடுகளின் மூக்குக்கு இரண்டு முழம் முன்னால் வண்டி நின்றது. முதலியார் மட்டும் இன்னும் கொஞ்சதூரம் போய், புழுதியில் உட்கார்ந்தார்.

கூண்டுக்குள் கவுண்டர் வாயைப் பிளந்தபடி இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பெரியம்மாள்.

“மீசையே இன்னும் சரியா மொளைக்கல. நீதான் டாக்டரா?”

“ஆமாங்க. ரெண்டு நிமிசம் குடுங்க.”

“பாரு. ஆனா நேத்துலேர்ந்து வூடு அமைதியா இருக்குது, அதையும் சொல்லிடறேன்.”

மாதேஸ்வரன் கட்டைவிரல்களில் துணியைச் சுற்றி, கவுண்டரின் கடைவாய்ப் பற்களில் வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். லொடக். வாய் மூடிக்கொண்டது. கவுண்டர் ஒருமுறை திறந்து பார்த்தார். மூடிப் பார்த்தார். இரண்டும் நடந்தது.

“வேப்பிலையில அடிச்சவன் எவன்டா?” என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. வண்டிக்காரன் மாட்டைப் பார்த்தபடி நின்றான்.

பிறகு கவுண்டர் டாக்டரிடம் திரும்பினார். “செவ்வாக்கெழம எங்க ஊருல சந்தைங்க. நாலு ஊரு சனம் வரும். அன்னைக்கு வந்து ஒக்காருவீங்களா?”

செவ்வாய் என்றால் சித்திரை இரண்டாம் தேதி. அந்தக் கணக்கு மனதில் ஓடி முடிவதற்குள்ளேயே “வர்றேனுங்க” என்று சொல்லிவிட்டிருந்தார் மாதேஸ்வரன்.

பெரியம்மாள் கூண்டிலிருந்து மெல்ல இறங்கினாள்.

“செவ்வா வரைக்கும் எதுக்கு? எனக்கு நாலு வருசமா இந்த மொழங்காலு நோவுது. இப்பவே பாரு.”

டாக்டர் பையைத் திறந்து, தரையில் உட்கார்ந்தார். “எந்தப் பக்கங்க ஆத்தா?”