ஐந்தாவது கையெழுத்து

ஜைதூன் பீக்கு இடுப்பு வலி இருபது வருஷமாக இருக்கிறது. ஒரே இடத்தில் ஒழுங்காகக் கிடக்கும் வலிதான். அன்றைக்கு தி.நகர் அலுவலகத்தில் லிப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறுவதற்குள் அது முதுகைத் தாண்டித் தோளில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, அடையாறு பக்கத்து பஜ்ஜிக் கடைகளில் பொரித்துக் கறுத்த எண்ணெயை டின் டின்னாக வாங்கி, மீன்பாடி வண்டியில் மிதித்துக்கொண்டு போய், பெருங்குடியில் அதை டீசலாக்கும் கம்பெனியில் ஊற்றுவது அவள் தொழில். இப்போது அதற்கு அரசாங்க அட்டை வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அட்டை இல்லையென்று போன மாதம் இரண்டு தடவை வண்டியைப் பிடித்தார்கள். மூன்றாவது தடவை பிடித்தால் வண்டி திரும்பாது. அட்டைக்குக் குழுவில் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

குழுவின் பெயர் ‘பயன்படுத்திய சமையல் எண்ணெய் மறுசுழற்சி மேற்பார்வை ஆலோசனைக் குழு’. படித்து முடிப்பதற்குள் ஒரு ஈடு வடை வெந்துவிடும். மொத்தம் பதினோரு பேர். மேலே இருந்து பார்க்கலாம், ஆலோசனை சொல்லலாம், அட்டைக்குக் கையெழுத்துப் போடலாம். அதற்குமேல் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட அதிகாரமில்லை. ஐந்து பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். மூன்று கூட்டங்களுக்கு மூன்று பேர்கூட வரவில்லை. நாலாவது அழைப்புக் கடிதத்தில் கிளார்க் வெங்கடேஷ் ‘சூடான வாழைக்காய் பஜ்ஜி உண்டு’ என்று ஒரு வரி சேர்த்தான். சரியாக ஐந்து பேர் வந்துவிட்டார்கள்.

பஜ்ஜி கீழ்த்தளத்து கேண்டீனிலிருந்து வந்தது. ஜைதூன் பீக்கும் ஒன்று கொடுத்தார்கள். அந்த கேண்டீனில் ஜைதூன் பீ வாராவாரம் பழைய எண்ணெய் கேட்பாள். “எங்க எண்ணெய் பழசாவறதே இல்ல பீபி” என்று காலி டின்னோடு அனுப்பிவிடுவார்கள். எப்படிப் பழசாகாமல் இருக்கிறது என்பது அவளுக்கு முதல் கடியிலேயே தெரிந்துபோயிற்று. மென்ற வாய் அப்படியே நின்றது.

எதிரே வேதியியல் பேராசிரியை நீரஜா நாலாவது பஜ்ஜியில் இருந்தார். “எங்காத்துல எண்ணெயை ரெண்டாந்தரம் வைக்க மாட்டோம். அதனாலயோ என்னமோ, இந்த ருசி வர மாட்டேங்கறது” என்றார்.

தலைவர் அய்யாதுரை, ஓய்வுபெற்ற அதிகாரி, தொண்டையைச் செருமினார். “ஏம்மா, எண்ணெய் சோதிக்கிற மீட்டர்ல பேட்டரி தீர்ந்துபோச்சு. நீங்க நாக்காலயே சொல்லிருவீங்களாமே. இந்த பஜ்ஜி போட்ட எண்ணெயைச் சொல்லுங்க. தகுதி தெரிஞ்சா கையெழுத்துப் போட்டுருவோம்.”

“மொதல்ல கையெழுத்து போட்ருங்க சார். அப்பால சொல்றேன்.”

“அது முறை இல்ல. சோதனை முன்னால, கையெழுத்து பின்னால.”

“அப்போ நா சொல்லச் சொல்ல நீங்க போட்டுக்கினே வாங்க.”

இதற்கு விதியில் தடை எதுவும் இல்லை என்று வெங்கடேஷ் சொன்னான். அட்டைக்கான தாள் கிளம்பியது.

“இன்னிக்கு வாழக்கா. அதுக்கு முந்தி, காலைல மொளகா பஜ்ஜி” என்றாள் ஜைதூன் பீ. வெங்கடேஷ் ஜன்னல் வழியாகக் கீழே கத்திக் கேட்டு, ஆமாம் என்றான். அய்யாதுரை கையெழுத்திட்டார்.

“நேத்து மசால் வடை. சோம்பு தூக்கலா போட்டு கீறாங்க.” ஓட்டல் சங்கத்து ஆனந்தகுமார் போட்டார். “இந்தம்மாவ நம்ம ஓட்டல் பக்கம் விட்றாதீங்கப்பா” என்று பக்கத்தில் முனகவும் செய்தார்.

“முந்தாநாள் அப்பளம்.” பக்கத்தில் இருந்த உறுப்பினர்கள் இருவரும் சேர்ந்தே போட்டார்கள். நாலு ஆயிற்று.

தாள் நீரஜாவிடம் வந்தது. பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்தார். “பிரமாதம். லேப்ல கூட இப்படி வராது. அதுக்கு முன்னாடி என்ன பொரிச்சா?”

ஜைதூன் பீ பேனா முனையைப் பார்த்தாள். ‘பூரி’ என்று ஒரு சொல் போதும், அட்டை கையில். ஆனால் எண்ணெய் விஷயத்தில் அவள் நாக்கு பொய் சொன்னதில்லை. பொய் சொன்னால் கம்பெனியில் டின்னோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைவிட, ஆகாததை ஒருத்தருக்குத் தெரியாமல் ஊட்டினால் எப்படி இருக்கும் என்பது அவளுக்கும் தெரியும். அந்தம்மாவின் கை ஐந்தாவது பஜ்ஜிக்குப் போய்க்கொண்டிருந்தது.

“அத்த வெச்சிடுங்கம்மா” என்றாள். “அதுக்கு முன்னாடி நெத்திலி.”

பேனா மேஜையில் உருண்டது. நீரஜா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

“ஒரு கோடு இஸ்துட்டு போங்கம்மா” என்று பின்னாலேயே படி வரைக்கும் ஓடினாள் ஜைதூன் பீ. நீரஜா அப்புறம் என்று கையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

“நாலு பேர்தான் இருக்கோம், கூட்டம் செல்லாது” என்று அய்யாதுரை ஃபைலை மூடினார். கேண்டீனுக்கு அடுத்த கூட்டத்தில் ஆலோசனை வழங்குவதாக முடிவாயிற்று. “அதான பார்த்தேன், ருசி எங்கிருந்து வருதுன்னு” என்று ஆனந்தகுமார் இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார்.

ஜைதூன் பீ தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படி இறங்கினாள். நீரஜா அம்மா அவளுக்கு ஒரு கையெழுத்து பாக்கி.