பங்குனியில் வார்த்த டை

வேல்சாமியின் இரண்டு கைகளையும் பின்னால் வளைத்து, கேபிள் டையைப் போட்டு இறுக்கியவன் நான்தான். விஜய்பாண்டிதான் கட்டினான் என்று குத்துக்கல்வலசையில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அவன் என் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவன். நான் சத்தம் போட்டதால் வேல்சாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். அடித்ததும் நான், கட்டியதும் நான். இந்த இசக்கியப்பன் செய்ததை இன்னொருவன் தலையில் கட்ட வேண்டாம்.

டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுகிற நைலான் பட்டை, வேறொன்றுமில்லை. ஒரு முனை வால், மறு முனை தலை. தலைக்குள் பொடியாக ஒரு நாக்கு இருக்கும். வாலைத் தலைக்குள் விட்டு இழுத்தால் பட்டையிலுள்ள பற்கள் ஒவ்வொன்றாக நாக்கைத் தாண்டிப் போகும். போனது திரும்பி வராது. எவ்வளவுக்கு எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு நாக்கு பல்லைக் கவ்விக்கொள்ளும்.

அதை வார்த்து விற்பதுதான் என் தொழில். பார்க்க அற்பச் சாமான். ஆனால் அந்த நாக்கின் சரிவைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. கோயம்புத்தூரில் பன்னிரண்டு வருடம் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு வெட்டிப் பழகியவன் நான். சரிவு கொஞ்சம் கூடினால் வால் உள்ளே போக மறுக்கும், கொஞ்சம் குறைந்தால் நழுவும். பதினோரு தடவை அச்சைக் கழற்றினேன். ஏழாவது தடவை நழுவியபோது சுத்தியலை எடுத்து மெஷின் கதவை நெளித்துவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊருக்கே தெரியும்.

பதினோராவது நாக்கு கவ்வியது. அது போன ஆடி மாதம். பெரிய அளவு டை ஒன்றில் ஒரு சிமெண்டு மூட்டையைத் தொங்கவிட்டேன். மறுநாள் காலை வரை அசையவில்லை. ராணுவத்திலிருந்து லீவில் வந்திருந்த என் தம்பி மாரிராஜ் மூட்டையைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தான். அப்போதும் அறவில்லை. இனிமேல் தென்காசிப் பக்கம் எந்த வயரும் கீழே விழாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. அந்த முதல் லாட்டில், அதாவது முதல் தடவை வார்த்ததில், இரண்டு பாக்கெட்டைச் சூடு வைத்து ஒட்டிப் பீரோவில் வைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் விற்றுப்போனது.

இந்தப் பங்குனியில் வடகரைக்கு வெளியே இருக்கும் எங்கள் குடும்பக் கோயிலில் கொடைத் திருவிழா. லைட் போடுகிற வேலையை வேல்சாமியிடம் கொடுத்திருந்தோம். குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் வீடு. இருபது வருடமாகச் சீரியல் செட்டும் டியூப் லைட்டும் கட்டுகிறவன். அவன் கட்டிய பந்தலில் ஒரு பல்பு அணைந்ததாக யாரும் சொன்னதில்லை. கயிறு வேண்டாம், என் டையைப் போடு என்று புது லாட்டிலிருந்து பத்து பாக்கெட் நான்தான் கொடுத்தேன். அதற்கு முந்தின வாரம் வார்த்தது. பிளாஸ்டர் டேப்பும் கொஞ்சம் சுற்றட்டுமா என்று கேட்டான். என் டைமேல் நம்பிக்கை இல்லையா என்று நான் எரிந்து விழவும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனான்.

கொடை அன்று சாயங்காலம் அனல் காற்று அடித்தது. மேளம் சத்தத்தில் முதலில் யாரும் கவனிக்கவில்லை. சவுக்குக் கம்பிலிருந்து வயர்க் கட்டு சரிந்து தகரப் பந்தலின் விளிம்பில் விழுந்தது. தகரம் வயரை அறுத்தது. பந்தல் சரிகிறது என்று நினைத்து, கொடைக்காக லீவு போட்டு வந்திருந்த மாரிராஜ் ஓடிப்போய் இரும்புக் குழாயைத் தாங்கிப் பிடித்தான். பிடித்த கையை அவனால் எடுக்க முடியவில்லை. அவன் பற்கள் நறநறவென்று கடிபடுவது எனக்குக் கேட்டது. நான் கீழே கிடந்த சவுக்குக் கம்பை எடுத்து அவன் கையில் ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் எலும்பு முறிந்து பிடி விட்டது. உயிர் அதற்கு முன்பே போய்விட்டது.

மறுநாள் காலையில் தம்பி ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடந்தான். மத்தியானம்தான் தருவார்கள் என்றார்கள். வேட்டி மாற்றப் பட்டறைக்கு வந்தேன். என் வீடு பட்டறைக்குப் பின்னால்தான். சொந்தக்காரர்கள் இருபது பேர் வாசலில் நின்றார்கள். அந்த நேரத்தில் வேல்சாமி தானாகவே வந்தான். அவன் ஓடிப் போயிருக்கலாம். வேறு எவனாக இருந்தாலும் ஓடியிருப்பான்.

"டை அறுந்துட்டு அண்ணாச்சி" என்றான். "நாலு கம்புலயும் அறுந்து கெடக்கு. நான் ஒழுங்காத்தான் கெட்டுனேன்."

என் தம்பியை என் டை கொன்றது என்று என் பட்டறைக்குள்ளேயே நின்று சொல்லுகிறான். முதல் குத்திலேயே மூக்கு உடைந்தது. கீழே விழுந்தவனை முடியைப் பிடித்துத் தூக்கி மெஷினின் இரும்பு அடிப்பாகத்தில் மோதினேன். அச்சுக் கழற்றுகிற ஸ்பேனர் கையில் அகப்பட்டது. விலாவில் நாலு போட்டேன். சொந்தக்காரர்களில் ஒருவரும் தடுக்கவில்லை. கொல்லு என்றுகூட ஒரு குரல் கேட்டது. அவன் என்னைத் திருப்பி அடிக்கவே இல்லை. வாயில் ரத்தத்தோடு அறுந்துட்டு, அறுந்துட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அதுதான் எனக்கு இன்னும் வெறியேற்றியது.

பீரோவைத் திறந்து ஒரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன். விஜய்பாண்டி தோளைப் பிடிக்க, கைகளைப் பின்னால் வளைத்து இரண்டு டை போட்டேன். வால் நுனியைக் குறடால் பிடித்து, சதைக்குள் இறங்கும் வரை இழுத்தேன்.

"அறுந்துட்டுன்னு சொன்னேல்லா. இப்ப அறுத்துக் காட்டுலே."

அவனும் விடவில்லை. கம்பம் ஏறி ஏறி முறுக்கேறிய தோள் அவனுக்கு. நரம்பு புடைக்க இழுத்தான். மணிக்கட்டில் தோல் உரிந்து ரத்தம் தரையில் சொட்டியது. சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தான், உட்கார்ந்து இழுத்தான், படுத்துப் புரண்டு இழுத்தான். டை அறவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவனே இழுப்பதை நிறுத்திவிட்டான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அப்ப நான்தான் சரியா கெட்டல போலுக்கு."

அந்தச் சொல் எனக்கு இனித்தது. மறைக்காமல் சொல்லுகிறேன், தம்பி செத்த மறுநாள் அது எனக்கு இனித்தது. கட்டை அவிழ்க்காமல் மெஷின் அறைக்குள் தள்ளிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது மணி ஐந்தரை. அவனை மறந்துவிட்டேன் என்று ஊரில் சொல்லி வைத்தேன். மறக்கவில்லை. கொள்ளி வைக்கும்போதுகூட நினைவிருந்தது. கிடக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

கதவைத் திறந்தபோது வலது கை கறுத்து வீங்கிப் போயிருந்தது. வலியில் கத்தக்கூட அவனுக்குச் சீவன் இல்லை. டை சதைக்குள் புதைந்திருந்ததால் வெட்டுவதற்கே கஷ்டப்பட்டேன். ஆஸ்பத்திரியில் நாலு விரல்களை எடுத்தார்கள். இடது கை தப்பியது, ஆனால் அதில் உணர்ச்சி பாதிதான். மெஷின் பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டது என்று டாக்டரிடமும் போலீசிடமும் அவன்தான் சொன்னான். நான் சொல்லச் சொல்லவில்லை. ஒரு பட்டாளத்துக்காரனைக் கொன்ற பாவத்துக்கு விரல் போனது போதாது என்று தன் மனைவி ஸ்ரீதேவியிடம் சொன்னானாம்.

ஒரு மாதம் நான் நிம்மதியாகவே இருந்தேன். வைகாசியில் ஒரு நாள் விஜய்பாண்டி மெஷினின் ஹீட்டர் வயரைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். பட்டென்று ஒரு சத்தம். அடுத்து இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தால் அவன் கையில் இரண்டு டை துண்டாகக் கிடந்தது. பங்குனி லாட். இது அறுது அண்ணாச்சி என்று பயந்துகொண்டே சொன்னான். கன்னத்தில் ஒன்று வைத்தேன். பிறகு நானே எடுத்து இழுத்தேன். பத்தில் ஏழு ஒடிந்தது. கண்ணாடி மாதிரி ஒடிந்தது.

பீரோவில் மிச்சமிருந்த ஆடி லாட்டை எடுத்து இழுத்தேன். ஒன்றும் அறவில்லை. அதே அச்சு, அதே நைலான் குருணை, அதே மெஷின், அதே நாக்கு.  கோயம்புத்தூரில் என்னோடு வேலை பார்த்த காஜாவுக்கு போன் போட்டேன். அவன் முழுதும் கேட்டுவிட்டு, வார்த்த பிறகு தண்ணி காட்டுகிறாயா என்று கேட்டான்.

தண்ணியா என்றேன். நைலானுக்கு ஈரமே ஆகாது என்றுதான் நான் படித்திருந்தேன். குருணையில் ஈரம் இருந்தால் வார்ப்பு கெட்டுவிடும், அதனால் நாலு மணி நேரம் சூட்டில் காயவைத்தே மெஷினில் போடுவேன். அதெல்லாம் வார்ப்பதற்கு முன்னால் என்றான் காஜா. வார்த்து வந்த டை எலும்பு மாதிரி காய்ந்திருக்கும், அது ஈரத்தைக் குடித்தால்தான் வளையும், இல்லாவிட்டால் ஒடியும். கம்பெனிகளில் பாக்கெட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டே ஒட்டுவார்களாம். அந்த வேலை பேக்கிங் பகுதியில் நடக்கும். நான் பன்னிரண்டு வருடம் அச்சுப் பட்டறையை விட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

ஆனால் ஆடியில் மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று அவன் கேட்டான். நான் போனை வைத்துவிட்டு மேற்குச் சன்னலைப் பார்த்தேன். டையை அந்தச் சன்னலோரம் தட்டில் பரப்பி இரண்டு நாள் ஆறவிட்டுத்தான் பாக்கெட் போடுவோம். ஆடியில் மலையிலிருந்து சாரல் உள்ளே அடித்துத் தட்டெல்லாம் நனையும்; விஜய்பாண்டி துணியால் துடைப்பான். சாரல் இல்லாத ஊரில் ஒருவன் செய்திருந்தால் முதல் லாட்டிலேயே ஒடிந்து அவனுக்கு விஷயம் தெரிந்திருக்கும். எங்கள் சாரல் சீசன் என் தப்பை மூடி வைத்துவிட்டது. பங்குனியில் அதே தட்டில் அதே இடத்தில் அனலில் காய்ந்ததைப் பாக்கெட் போட்டு வேல்சாமியிடம் நீட்டியிருக்கிறேன். என் தம்பியைக் கொன்றது நான்.

இரண்டு நாள் பட்டறையைத் திறக்கவில்லை. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பழியை வேல்சாமி தானே ஏற்றுக்கொண்டுவிட்டான். சாகும்வரை அவன் அதைச் சுமப்பான், நான் நிமிர்ந்து நடக்கலாம். மூன்றாம் நாள் தம்பி பெண்டாட்டி ஜெயசித்ராவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் அழக்கூட இல்லை.

"எங்கிட்ட வந்து ஏன் சொல்லுதிய அத்தான்? வெரலு போனவன்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குற்றாலத்துக்கு பஸ்ஸில் போனேன். சீசன் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அருவியில் பாறைதான் தெரிந்தது. என்னைக் கண்டதும் ஸ்ரீதேவி வாசலை மறித்தாள். வேல்சாமி அவளை விலகச் சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கும்பிட வந்தான். மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்று தொடங்கினான். அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். பையிலிருந்து பங்குனி லாட் டை ஒன்றை எடுத்து, கதவு வளையத்தில் மாட்டி இழுத்துக் காட்டினேன். ஒடிந்தது. இன்னொன்றை மாட்டினேன். அதுவும் ஒடிந்தது. நீ கட்டியது சரிதான், அறுந்ததும் நிஜம்தான், தப்பு முழுக்க என் வார்ப்பில் என்று தண்ணீர், சாரல், சன்னல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

வேல்சாமி கீழே கிடந்த ஒரு துண்டை இடது கையால் எடுக்கப் பார்த்தான். விரல் பிடிக்காமல் இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை எடுத்து, ஒடிந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஸ்ரீதேவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னைக்கு என் கையில போட்டது எதுண்ணாச்சி?" என்று கேட்டான்.

"நல்ல டைலே" என்றேன்.